புயலும் ஒரு துப்பறியும் கதைதான், தெரியுமா?

சென்னைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று வருஷா வருஷம் செய்தியில் கேட்கிறோம். ஒன்றாம் எண், மூன்றாம் எண், ஐந்தாம் எண்... பத்தாம் எண் வந்துவிட்டால் அதற்கு மேல் எதுவுமில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை! பதினொன்றாம் எண் என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? அது காற்றின் வேகத்தைச் சொல்லாது. புயல் எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்லாது. 'வானிலை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோய்விட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக இங்கே இருக்கிற அதிகாரி நினைக்கிறார்', இவ்வளவுதான் அதற்கு அர்த்தம்! எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. தந்திக் கம்பி விழுந்துவிட்டது, யாரையும் கேட்க முடியாது, கடல் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு தனி மனிதன் கொடிமரத்தடியில் நின்று முடிவெடுக்க வேண்டும். எந்த மர்ம நாவலில் இதைவிட நல்ல முதல் அத்தியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்!

அந்தக் கூண்டுகளையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? கூண்டு என்று நாம் சொல்வது கொடிமரத்தில் ஏற்றுகிற கூம்பும் உருளையும்தான். எந்த வடிவம், எது மேலே, எது கீழே என்பதில்தான் சேதி இருக்கிறது. ராத்திரியானால் அதே சேதியைச் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும் சொல்லும். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கிற ஆபத்து. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரப்போகிற சீற்றம். இதற்கப்புறம்தான் சுவாரசியம்! ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் புயலின் பலம் இல்லை, தெரியுமா? புயல் போகிற பாதைக்குத் துறைமுகம் இடக்கைப் பக்கம் இருந்தால் ஐந்து, வலக்கைப் பக்கம் இருந்தால் ஆறு, நேரே தலைமேல் வந்தால் ஏழு! எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் இதே கணக்குதான், புயல் மட்டும் இன்னும் கடுமையானது. இடமா வலமா என்பதற்கு ஏன் இத்தனை மரியாதை? பூமத்திய ரேகைக்கு வடக்கே புயலின் வலக்கைப் பக்கம்தான் காற்றும் கடல் ஏற்றமும் அதிகம். கிழக்கிலிருந்து வந்து நம் கரையில் ஏறுகிற புயலுக்கு வலக்கை எது? வடக்கு! மகாபலிபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவில் புயல் கரையேறினால் கடலூர் தப்பிக்கும், ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் அடி வாங்கும். ஒரு எண்ணுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது!

வானிலை சொல்கிறவர்களுக்கும் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரே புத்தி என்பது என் பல வருஷத்து நம்பிக்கை. இரண்டு பேருக்கும் கையில் கிடைப்பது துண்டு துண்டான தடயம். ஓர் இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது, இன்னோர் இடத்தில் காற்று திசை மாறுகிறது, எங்கோ ஒரு கப்பலிலிருந்து ஒரு வரிச் சேதி வருகிறது. குற்றவாளியோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், நடுக்கடலில்! அவன் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போவான், எப்போது வந்து கதவைத் தட்டுவான்? கடைசிப் பக்கம் வரைக்கும் விடை தெரியாது. இந்தச் சொக்குப்பொடி ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் போகாது, கேட்டவர்களையும் விடாது. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஆர். ரமணனை நினைத்துப் பாருங்கள். 2016 மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். ஆனாலும் மழை என்றதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது அவர் முகம்தான்! நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதை அவர் பேச்சை வைத்துத்தானே ஊகித்துக்கொண்டார்கள்.

இந்த வெறிக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஹென்றி பிடிங்டன். சரக்குக் கப்பலில் கேப்டனாக இருந்துவிட்டுக் கடல் வேலையை விட்டு இறங்கிக் கல்கத்தாவில் குடியேறியவர். இறங்கினாரே தவிர புயலை விடவில்லை! வங்காள விரிகுடாவில் ஒரு புயல் அடித்து ஓய்ந்ததும் என்ன செய்வார் தெரியுமா? அதில் மாட்டித் தப்பி வந்த கப்பல்களின் லாக் புத்தகங்களையெல்லாம் தேடிப் பிடிப்பார். எத்தனை மணிக்கு எந்தக் காற்று, பாரமானி எவ்வளவு இறங்கியது, பாய்மரம் எப்போது முறிந்தது என்று வரி வரியாகப் படிப்பார். இந்தக் கப்பலின் சாட்சியத்தையும் அந்தக் கப்பலின் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புயல் நடந்துபோன பாதையைக் காகிதத்தில் வரைந்துவிடுவார். கொலை நடந்த வீட்டில் காலடித் தடம் எடுப்பதும் இதுவும் ஒன்றுதானே? போதாக்குறைக்கு, கப்பல் விபத்துகளை விசாரிக்கிற கடல்சார் நீதிமன்றத்துக்கும் அவர்தான் தலைவர்!

'சைக்ளோன்' என்று உலகமே சொல்கிற வார்த்தையை உண்டாக்கியவரும் இந்தப் பிடிங்டன்தான், தெரியுமா? சுருண்டு கிடக்கும் பாம்பை நினைவூட்டுகிற கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். 1848-இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய புத்தகம் புயல் இலக்கணம் என்றே சொல்லலாம். அந்தப் புத்தகத்தோடு ஒளி ஊடுருவுகிற மாதிரி மெலிதாகச் சீவிய கொம்புத் தகடுகள் வரும், அதில் சுழற்காற்றின் வட்டம் வரைந்திருக்கும். நடுக்கடலில் காற்று மாறும்போது கேப்டன் அந்தத் தகட்டை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், புயலின் நடு மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எங்கே தப்பி ஓடலாம் என்பது புரியும். உள்ளங்கை அகலத் தகடு ஒரு கப்பலையே காப்பாற்றும்!

அவர் பேச்சைக் கேட்காத கதையும் உண்டு. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியபோது, வேண்டாம், புயலில் கடல் உள்ளே ஏறி அதை விழுங்கிவிடும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கே கடிதம் எழுதினார். துறைமுகம் கட்டினார்கள், போர்ட் கேனிங் என்று பெயரும் வைத்தார்கள். 1867-இல் புயல் வந்தது. துறைமுகம் போயிற்று. அந்த நேரத்தில் பிடிங்டன் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடிதம் எழுதி நூற்றைம்பது வருஷம் கழித்து அமிதாவ் கோஷ் தன்னுடைய நாவலில் இந்தக் கதையைச் சொன்னபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. எச்சரித்தவன் பெயர் மறந்துபோகும், அதிகாரத்தில் இருந்தவன் பெயரில் ஊர் நிற்கும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

நம் ஊருக்கு வருவோம். புயல் வருகிறது என்றால் கப்பலைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கட்டி வைப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேர் எதிர்! கூண்டின் எண் ஏற ஏறக் கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து நடுக்கடலுக்குப் போகச் சொல்வார்கள், தெரியுமா? கட்டிப்போட்ட கப்பல் அலையில் எழும்பி எழும்பிச் சுவரில் மோதித் தன்னையும் உடைக்கும், துறைமுகத்தையும் உடைக்கும். திறந்த கடலில் அதற்கு ஓட இடம் இருக்கும். இந்தப் பாடத்தை மெட்ராஸ் கரை எவ்வளவு விலை கொடுத்துக் கற்றது! 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கோட்டையைப் பிடித்துவிட்டு, கப்பல்களை ஊருக்கு எதிரே நங்கூரமிட்டு நிறுத்தியிருந்தார். அக்டோபரில் ஒரே ராத்திரிப் புயல். பீரங்கியால் தோற்காத அந்தப் படை காற்றால் சிதறியது. ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் கடலோடு போனார்கள். 2012 அக்டோபர் 31-ஆம் தேதி நிலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டுப் பெசன்ட் நகர் மணலில் வந்து ஏறியதே, ஊரே திரண்டு போய்ப் பார்த்தோமே, அதுவும் இதே கதையின் இன்னோர் அத்தியாயம்தான்.

சென்னைத் துறைமுகத்தையே ஒரு புயல் ஒரே நாளில் தின்றது தெரியுமா? 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, இரண்டு பக்கமும் கடலுக்குள் கை நீட்டின மாதிரி அலைதாங்கிச் சுவர் எழுப்பிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிகிற நேரம். 1881 நவம்பர் 12. புயல் வந்து அரை மைல் சுவரைப் பெயர்த்தது. பிரமாண்டமான இரண்டு டைட்டன் கிரேன்களைத் தூக்கிக் கடலில் எறிந்தது! மறுபடி எழுப்பி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆசையான சேதி. அந்த உடைந்த துறைமுகத்தின் முன்னால், 1884 ஏப்ரல் மாதம், 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலிலிருந்து இருபத்தாறு வயது போலந்துக்காரர் ஒருவர் பெட்டியோடு இறங்கினார். கப்பலில் அவர் இரண்டாம் மேட். கேப்டனுக்கு உடம்பு சரியில்லை, போய் டாக்டரைக் கூட்டி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். போனவர் டாக்டரிடம், கேப்டனுக்குக் காய்ச்சல் இல்லை, குடிதான் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். விஷயம் கேப்டன் காதுக்கு வந்தது. சண்டை. வேலை போனது. நன்னடத்தைச் சான்றிதழில் நல்ல வார்த்தை எழுதக்கூட கேப்டன் மறுத்துவிட்டார். ஏப்ரல் வெயிலில், முன்பின் தெரியாத மெட்ராஸ் கரையில், வேலையில்லாமல் நின்ற அந்த இளைஞர் யார் தெரியுமா? ஜோசப் கான்ராட்! உலகத்தின் மிகப் பெரிய கடல் நாவலாசிரியர்!

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கான்ராட் ரயிலேறிப் பம்பாய் போய் 'நார்சிசஸ்' என்ற கப்பலில் சேர்ந்தார். அந்தக் கப்பலின் பெயரையே தலைப்பில் வைத்து 1897-இல் எழுதிய நாவலில் வருகிற புயலைப் படித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். இங்கே அவரை இறக்கிவிட்டுப் போன ரிவர்ஸ்டேல் என்ன ஆயிற்று? கொஞ்ச நாளிலேயே சென்னைக்கு வடக்கே தரைதட்டியது! மெட்ராஸில் அந்தச் சண்டை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், தரைதட்டிய கப்பலில் கான்ராடும் இருந்திருப்பார்.

1902-இல் அவர் எழுதிய 'டைஃபூன்' கதையில் மக்விர் என்று ஒரு கேப்டன். பாரமானி சரசரவென்று இறங்குகிறது. கேப்டன் அறையில் உட்கார்ந்து புயலைப் பற்றிய புத்தகத்தைப் படிக்கிறார். புயலைச் சுற்றிக்கொண்டு போ என்கிறது புத்தகம். பிடிங்டன் வகையறாக்கள் எழுதிய அதே சாஸ்திரம்! மக்விருக்கு அது பிடிக்கவில்லை. வராத புயலுக்கு பயந்து வழி மாறினால் நிலக்கரிச் செலவுக்கு யார் பதில் சொல்வது என்று நேரே உள்ளே ஓட்டுகிறார். அப்புறம் நடப்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள். இதே கை 1907-இல் எழுதிய 'தி சீக்ரெட் ஏஜென்ட்' உளவு நாவல்களின் முன்னோடிகளில் ஒன்று. புயல் கதைக்கும் மர்மக் கதைக்கும் ஒரே தகப்பன், அந்தத் தகப்பன் நம் துறைமுகக் கரையில் வெறும் கையோடு நின்றவர்! துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

துறைமுகம் என்றதும் கணித மேதை ராமானுஜன் ஞாபகம் வருகிறதா? 1912 மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு மெட்ராஸ் துறைமுகக் கழக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த மாதமே இந்தியாவின் தலைமை வானிலைக்காரர் அதே துறைமுகத்துக்கு வந்தது தெரியுமா? கில்பர்ட் வாக்கர்! இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநர். வேறு வேலையாகத் துறைமுகத்துக்கு வந்தவரிடம், அங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் ராமானுஜனின் நோட்டைக் காட்டினார். வாக்கர் சாதாரண ஆள் இல்லை, கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் இடம் வந்தவர். பார்த்ததும் அசந்துபோனார். 1913 பிப்ரவரி 26-ஆம் தேதி மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதம் வேலை செய்தது. மாதம் 75 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷத்துக்கு! பேரேட்டை மூடிவிட்டு ராமானுஜன் கணக்கைத் திறந்தார். தமிழ்நாட்டுக்கு ஒரு வானிலைக்காரர் செய்த முதல் பெரிய உதவி மழையைச் சொன்னது அல்ல, ராமானுஜனைக் கண்டுகொண்டது!

இந்த வாக்கருக்கு மாணவப் பருவத்தில் 'பூமராங் வாக்கர்' என்று பட்டப்பெயர். எறிந்தால் திரும்பி வருகிற பூமராங்கை எறிவதிலும், அது ஏன் அப்படி வளைகிறது என்று கணக்குப் போடுவதிலும் பைத்தியமாக இருந்தார். அந்தத் திரும்பி வருகிற புத்திதான் பின்னால் காற்றிலும் போய் வேலை செய்ததோ என்னவோ! பஞ்சம் வருகிற வருஷத்தை முன்னாலேயே சொல்ல முடியுமா என்று தேடி, உலகம் முழுக்க இருந்த வானிலைக் கணக்குகளை வரவழைத்து, குமாஸ்தாக்கள் கூட்டத்தை வைத்துக் கையாலேயே கணக்குப் போட வைத்தார். கம்ப்யூட்டர் இயந்திரமே இல்லாத காலம்! அதில் விழுந்தது ஒரு பெரிய துப்பு. பசிபிக் கடலில் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. ஏற்றப்பலகை விளையாடுகிற மாதிரி! அதற்குத் தெற்கத்திய ஊசலாட்டம் என்று 1920-களில் பெயர் வைத்தார். 1924-இல் இந்தியாவை விட்டுப் போய் லண்டனில் பேராசிரியரான பிறகும், அதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஊசலாட்டத்தை அவர் விடவில்லை.

அது என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இன்றைக்கு எல் நினோ, எல் நினோ என்கிறோமே, அந்த நாணயத்தின் மறுபக்கம்தான் வாக்கர் கண்டது! எல் நினோ வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் கூடுதலாகக் கொட்டும் வாய்ப்பு அதிகம். 2015 பலமான எல் நினோ வருஷம். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! அந்த மழைக்கு நடுவில் தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர்தான் ரமணன். அவர் பணியிலிருந்த கடைசிப் பருவமழை அது. 1913-இல் துறைமுகத்தில் ராமானுஜன் நோட்டைப் புரட்டிய கையிலிருந்து 2015 வெள்ளம் வரைக்கும் ஒரே நூல் ஓடுகிறது, பாருங்கள்!

புயலுக்குப் பெயர் வைக்கிற பழக்கத்தைப் பரப்பியதே ஒரு நாவல்தான், இது தெரியுமா? ஜார்ஜ் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1941-இல் 'ஸ்டார்ம்' என்று ஒரு நாவல் எழுதினார். கதாநாயகி யார்? புயல்! வானிலை அலுவலகத்தில் வேலை செய்கிற இளைஞன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் அதற்கு மரியா என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். யுத்த காலத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்த வானிலைக்காரர்கள் தங்கள் வரைபடத்துப் புயல்களுக்கும் பெண் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். 1953-இல் அமெரிக்க அரசே அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது. அந்த மரியாவை வைத்து ஒரு பாட்டு வந்தது, அந்தப் பாட்டிலிருந்து பாடகி மரியா கேரிக்குப் பெயர் வந்தது! அதற்கும் முன்னால், ஆஸ்திரேலியாவில் கிளெமென்ட் ராக் என்ற வானிலைக்காரர் தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயரைப் புயலுக்கு வைத்தார்.

நம் கடலில் இந்தப் பழக்கம் வர 2004 ஆகிவிட்டது. முதல் பெயர் 'ஓனில்', வங்கதேசம் கொடுத்தது. 2020-இல் பதின்மூன்று நாடுகள் சேர்ந்து 169 பெயர் கொண்ட புதுப் பட்டியல் போட்டன. 2016-இல் சென்னையின் மரங்களையெல்லாம் சாய்த்த வர்தா பாகிஸ்தான் வைத்த பெயர், சிவப்பு ரோஜா என்று அர்த்தம்! 2023-இல் வந்த மிக்ஜாம் மியான்மர் வைத்தது. இந்தியா கொடுத்த பெயர்களில் ஒரு சுத்தமான தமிழ்ப் பெயரும் இருக்கிறது, தெரியுமா? 'முரசு'! வருவதை ஊருக்கு அறைந்து சொல்ல இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

வானிலைக்காரரே கதாநாயகனாக வருகிற திரில்லர் வேண்டுமா? டெஸ்மண்ட் பாக்லி 1966-இல் எழுதிய 'வையட்ஸ் ஹரிக்கேன்' தேடிப் படியுங்கள். ஒரு தீவில் உள்நாட்டுக் கலகம் வெடிக்கிறது, அதே நேரம் ஒரு பெரும்புயல் வருகிறது. அது இந்தத் தீவைத்தான் அடிக்கும் என்று வானிலை நிபுணர் ஒருவர் சொல்கிறார். யாரும் கேட்கவில்லை! பிடிங்டனின் டல்ஹௌசி கடிதம் ஞாபகம் வருகிறதா?

இதெல்லாம் கற்பனை என்றால், நிஜத்தில் நடந்தது இன்னும் பயங்கரம். யுத்த காலத்தில் வானிலை அறிக்கை ராணுவ ரகசியம்! 1942 அக்டோபர் 30-ஆம் தேதி ராத்திரி, மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் பிரிட்டிஷ் மாலுமிகள் மூன்று பேர் இறங்கினார்கள். புத்தகங்களை அள்ளி மேலே கொடுத்தார்கள். நீர்மூழ்கி முழுகியது. இரண்டு பேர் வரவில்லை, கேன்டீனில் வேலை பார்த்த பதினாறு வயதுப் பையன் மட்டும் தப்பினான். உயிரைக் கொடுத்து எடுத்த அந்தப் புத்தகங்களில் முக்கியமானது எது தெரியுமா? வானிலைச் சேதியைச் சுருக்கி அனுப்புகிற சங்கேதப் புத்தகம்! அதை வைத்துத்தான் எதிரியின் எனிக்மா மறைமொழியைத் திரும்ப உடைத்தார்கள். அடுத்த வருஷம் ஜெர்மானியர்கள் நீர்மூழ்கியில் போய்க் இன்றைய கனடாவின் ஆளில்லாக் கரையில் தானாக வேலை செய்யும் வானிலை நிலையம் ஒன்றை நட்டுவிட்டு வந்தார்கள். கனடா நாட்டு வானிலைத் துறை என்று பொய்ப் பெயர் எழுதி, அமெரிக்க சிகரெட் பெட்டிகளைச் சுற்றிலும் போட்டுவிட்டு! அது ஜெர்மன் வேலை என்று வெளி உலகத்துக்குத் தெரிய 1980-களே ஆகிவிட்டது. 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்பு ஒரு நாள் தள்ளிப்போனதும் வானிலையால்தான். அதற்கு உதவிய முக்கியமான அளவீட்டை அனுப்பியவர் அயர்லாந்தில் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்த்த மொரீன் ஃபிளாவின் என்ற பெண். அன்று அவருக்கு இருபத்தோராவது பிறந்தநாள்! தான் அனுப்பிய எண்ணுக்காக ஒரு மகாயுத்தம் காத்திருந்தது அவருக்கு அப்போது தெரியாது.

மறுபடி நம் துறைமுகம். இந்தியாவின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் எங்கே இருக்கிறது தெரியுமா? ராஜாஜி சாலையில், துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில்! 2002 முதல் அங்கே இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த வெள்ளைக் குமிழ் தெரியும், அதற்குள் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். டாப்ளர் என்றால் கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் கேட்டில் நிற்கும்போது ரயில் கூவிக்கொண்டு வருகிறதே, கிட்ட வரும்போது சத்தம் கீச்சென்று கூடுகிறது, தாண்டிப் போனதும் சட்டென்று தணிகிறது. இது ஒலியில் நடப்பது, ரேடார் இதையே ரேடியோ அலையில் செய்கிறது. மழைத்துளி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகம் என்று வெகு தூரத்திலேயே பிடித்துவிடுகிறது. பிடிங்டன் மாதக்கணக்கில் லாக் புத்தகம் திரட்டிச் செய்ததை, இந்தக் குமிழ் சில நிமிஷத்தில் செய்கிறது!

இதற்குப் பின்னால் வந்த ஸ்ரீஹரிகோட்டா ரேடாரை இஸ்ரோவோடு சேர்ந்து செய்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு முகம் தோன்றுமே! ஆமாம், சுஜாதா. கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்களைத் தமிழுக்குத் தந்தவர் வேலை பார்த்த நிறுவனம் அதுதான். அதற்கு முன்னால் விமானப் போக்குவரத்துத் துறையில், வானத்தைப் பார்த்து உத்தரவு கொடுக்கிற வேலை! தமிழ்வாணனின் கல்கண்டை நினைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் தெரியுமா வகையறாத் துணுக்குகள், அடுத்த பக்கம் சங்கர்லால் துப்பறிகிறார். உலகத்தை ஆச்சரியமாகப் பார்ப்பதும் தடயம் தேடுவதும் ஒரே பழக்கம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த பத்திரிகை அது.

எனக்கு ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் பழக்கமானது மழை நாட்களில்தான். ராயபுரத்தில் புயல் என்றால் முதலில் கரண்ட் போகும். அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து ஏற்றுவார். வாடகைக்கு எடுத்த பாக்கெட் நாவலின் ஓரம் ஈரத்தில் ஊதியிருக்கும். தகர ஜன்னல் படபடவென்று அடிக்கும், கதையில் துப்பறிகிற விவேக் யாரோ ஒருவரின் கைரேகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே அடிக்கிற காற்று எது, கதைக்குள் அடிக்கிற காற்று எது என்று தெரியாது. வர்தா அன்று பெரியவனாகி அதே வீட்டில் இருந்தேன். 2016 டிசம்பர் 12. மத்தியானம் முழுக்க மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் இரைந்த காற்று, மூன்று மணிக்கு மேல் திடீரென்று ஓய்ந்தது. தெருவில் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். உள்ளே போங்க, போங்க என்று கத்தினேன். அது ஓய்வு இல்லை, புயலின் கண்! கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபாதி வந்தது. ஒரு பக்கம் காற்றில் ஆடித் தளர்ந்த மரங்களை இன்னொரு பக்கத்திலிருந்து தள்ளினால் நிற்குமா?

புயலைத் தடுக்கக் கட்டிய துறைமுகச் சுவர்தான் மெரினாவுக்கு அத்தனை அகலம் கொடுத்தது என்பது தெரியுமா? நம் கரையில் மணல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்குப் பக்கம் மணல் தேங்கி மெரினா விரிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது, குப்பங்கள் பின்வாங்கின, இப்போது கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கே காற்று வாங்கும் கடற்கரை கிடைத்ததற்கு வடசென்னை கொடுத்த விலை இது. மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. வலையும் படகும் கறுத்துப்போய், அலையாத்திச் செடிகளின் அடியில் தார் மாதிரிப் படிந்திருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எந்தக் கூண்டும் அதற்கு எண் வைத்திருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கருவி எதுவும் இல்லாமல், வெறும் கையால் புயல் இருக்கிற திசையைக் காட்டலாம், தெரியுமா? காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். கை காட்டுகிற பக்கம்தான் தாழ்வழுத்தம்! பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி 1857-இல் வெளியிட்ட விதி இது. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு, பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலையில் காசிமேட்டில் போய் நின்றேன். மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகெல்லாம் கரையில். ஒரு பெரியவர் படகு நிழலில் குந்தி வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, கூண்டப் பாக்க வந்தியா?"

"ஆமாம் தாத்தா. புயல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கலாம்னு."

"கூண்டுல இன்னா இருக்குது. ராவுலருந்து வாடை நிக்காம அடிக்குது பாரு. கொண்டல்னா மழையோட போய்டும். கச்சான்னா நாங்க ஏன் கரையில குந்தினிருக்கோம்? இது வாடை."

அவர் உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சாரலும் குளிரும் படாமல் இருக்க வடகிழக்கிலிருந்து அடித்த அந்த வாடைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலை ஊசியைப் பிடித்த வலது கையை நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையை நீட்டினார்.

"அதோ, அங்கதான் இருக்குது."

கிழக்கும் தெற்கும் சேருகிற மூலை. கடலைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஏழேகால் செய்தியில் வானொலி சொன்னது: ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்குத் தென்கிழக்கே நிலைகொண்டுள்ளது.